கேமின் வலது மூக்கு

நஞ்சுண்டனின் மோட்டார் சைக்கிளில் இரண்டாவது கேமும் தேய்ந்துபோனபோது மெக்கானிக் ரசாக்குக்காக நான் சாட்சி சொன்னேன். பாக்கெட் என் கடையில் வாங்கியது, முத்திரை என் கண் முன்னால் கிழிந்தது, உள்ளே இருந்தது கம்பெனிச் சரக்கு, ரசாக் அதையேதான் வண்டியில் மாட்டினார் என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொன்னேன். அதோடு ரசாக்கின் நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. உக்கடத்தில் என் வார்த்தைக்கு அப்படியொரு மதிப்பு. ஸ்கூட்டர் டயரை விழுங்கியிருந்த கெளுத்தி மீன் ஒன்றைக் குளத்தில் பிடித்ததாக அதற்கு முந்தின வருஷம்தான் சொல்லியிருந்தேன். மீனை மறந்தவர்கள்கூட டயரை மறக்கவில்லை.

அது தொண்ணூற்று நாலாம் வருஷம். என் உதிரிபாகக் கடைக்கும் ரசாக்கின் பட்டறைக்கும் நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் ஸ்பேனர் கீழே விழுந்தால் அது எத்தனாம் நம்பர் ஸ்பேனர் என்று கல்லாவில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவேன். நம்பாதவர்கள் ரசாக்கைக் கேட்டுப் பார்க்கலாம். அவரும் நம்பமாட்டார்.

கேம் என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. இன்ஜினின் தலைக்குள் படுத்தபடி சுற்றுகிற ஒரு தண்டு. அதில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மூக்கு. ஒரு மூக்கு பெட்ரோல் காற்றை உள்ளே விடும் வால்வைத் திறக்கும். மற்றது புகையை வெளியே விடும் வால்வைத் திறக்கும். மூக்குக்கும் வால்வுக்கும் நடுவே ராக்கர் என்று ஒரு குட்டைக் கை. மூக்கு கையை நெம்ப, கை வால்வை அமுக்கும். இரும்போடு இரும்பு உரசுகிற இடம். நடுவில் எண்ணெய் எப்போதும் ஈரமாக இருந்துகொண்டிருந்தால், வண்டி வாங்கியவரின் பேரன் காலம் வரைக்கும் அந்த மூக்கு அப்படியே இருக்கும். நஞ்சுண்டனின் வண்டியில் அது அடுத்த ஆடி வரைக்கும்கூட இருக்கவில்லை.

ரசாக் கழற்றிய கேமைப் பழைய பேப்பரில் வைத்து என் மேஜைக்குக் கொண்டுவந்தார்.

“இங்க பாருங்கண்ணா. எடப்பக்கத்து மூக்கு பொண்ணு பாக்க வந்த மாப்ள மாதிரி மினுமினுன்னு இருக்குதுங்க. வலப்பக்கத்து மூக்கு இருந்த எடமே தெரியலீங்க. மொதல்ல போன கேமும் அச்சா இதே மாதிரித்தானுங்க. ஒரே தண்டு, ஒரே ஆயிலு. இதென்னங்க ஓரவஞ்சனை?”

வலது மூக்கை நான் தடவிப் பார்த்தேன். வெயிலில் வைத்த அச்சுவெல்லம் மாதிரி மழுங்கிப்போயிருந்தது. கூடவே தேய்ந்த ராக்கரின் பாதத்தில் அம்மை விழுந்ததுபோல் குழிகள்.

நஞ்சுண்டன் கருமத்தம்பட்டியில் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். தறி பிழைப்பு, சம்பந்தம் பேசி முடிப்பது உயிர். தரகு வாங்காமல் ஊர் ஊராகப் போய்ப் பெண்ணையும் பையனையும் சேர்த்து வைப்பார். அதற்காகத்தான் புகை கக்குகிற பழைய வண்டியை விற்றுவிட்டுச் சத்தமில்லாத இந்த நான்கு ஸ்ட்ரோக் வண்டியை வாங்கினார். பூனை தூங்குகிற மாதிரி ஓடும். அவர் ரசாக்கின் மேல் குற்றம் சொன்னபோதும் மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

“பாய், தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க மாத்திப்போட்டீங்கன்னு நான் சொல்லவே மாட்டனுங்க. பாக்கெட்டுல இருந்தது ஒரிஜினலுங்க. வண்டியில இருக்கறது டூப்ளிகேட்டுங்க. நடுவால என்னுங்க ஆச்சுன்னுதான் கேக்கறனுங்க.”

“நடுவால நான்தானுங்களே இருந்தேன்,” என்றார் ரசாக்.

“அதையும் நான் சொல்லலீங்க. நீங்களே சொல்றீங்க.”

வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் பட்டறை வாசலோடு போயிருக்கும். சொன்னவர் சம்பந்தம் பேசுகிறவர். சோமனூர், அவிநாசி, அன்னூர் என்று அவர் கால்வைக்காத வீடு கிடையாது. போன வீட்டிலெல்லாம் வண்டியின் டக்டக் சத்தத்துக்குக் காரணம் கேட்டார்கள். கேட்டவர்களிடமெல்லாம் அவர் மரியாதையாகவே விஷயத்தைச் சொன்னார். திங்கட்கிழமையானால் ரசாக்கின் வாசலில் வரிசை கட்டுகிற தறிக்காரர்களின் வண்டிகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. வழியில் பார்த்தால் சிரித்தார்கள், சௌக்கியம் விசாரித்தார்கள், வேறு பட்டறைக்குப் போனார்கள். முகத்துக்கு நேராக யாரும் ஒன்றும் சொல்லாததால் ரசாக்கால் பதில் சொல்லவும் முடியவில்லை.

“திட்டுனாக்கூடத் தேவலீங்கண்ணா,” என்றார் என்னிடம். “எல்லாரும் நல்லாருக்கீங்களான்னு கேக்கறாங்க. என்னன்னு சொல்றது? மூணாவது கேமு மாட்டப்போறனுங்க. இதும் போச்சுன்னா அப்பறம் பம்ப் ஸ்டவ்வுக்கு வாஷர் மாத்திக்கிட்டு உக்காந்துக்க வேண்டியதுதானுங்க.”

அதற்கு முன்னால் காரணத்தைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று இரண்டு பேரும் கிளம்பினோம். முதலில் பீளமேட்டில் வரதராஜுலுவின் பட்டறை. இரும்பைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கெட்டிப்படுத்துவது அவர் தொழில். தேய்ந்த கேமை இடுக்கியில் பிடித்து, நல்ல மூக்கின் மேல் அரத்தை இழுத்தார். அரம் கண்ணாடியில் போவதுபோல் வழுக்கிக்கொண்டு போனது.

“ஏனுங்க, இதையா டூப்ளிகேட்டுன்னாங்க? எம்பட அரந்தான் தேயுமாட்ட இருக்குது. சரக்குல ஒரு கொறையுமில்லீங்க.”

“அப்பறம் அந்த மூக்கு எப்படிங்க தேஞ்சுது?”

“அதை மூக்குக்காரரைத்தானுங்க கேக்கோணும்,” என்று சொல்லிவிட்டு வரதராஜுலு உலைப்பக்கம் போய்விட்டார்.

அடுத்தது எண்ணெய். ரசாக் விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார், மோந்து பார்த்தார், வெள்ளைத் துணியில் சொட்டவிட்டுப் பார்த்தார். நான் நாக்கிலும் வைத்துப் பார்த்தேன். புளிப்பில்லை. எண்ணெய் ஏறுகிற துவாரத்தில் காற்றடித்தோம்; அடைப்பில்லை. மீட்டரைப் பார்த்தோம். ஓடின தூரத்தை வைத்துச் சொன்னால் அது பால்குடி மறக்காத வண்டி.

“அண்ணா, வண்டியில ஒண்ணுமில்லீங்க,” என்றார் ரசாக். “இனி ஓட்டறவரைத்தான் பாக்கோணும்.”

மூன்றாவது கேமை மாட்டிய கையோடு நஞ்சுண்டனிடம், “சத்தம் வருதான்னு ஒரு நா கூடவே வந்து கேக்கறமுங்க,” என்றார். நஞ்சுண்டனுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. அன்றைக்குத் தெக்கலூருக்கு உள்ளே தள்ளி ஒரு தோட்டத்துக்குப் போகிறார். அந்தத் தோட்டத்துப் பாவாத்தாளின் மகளுக்கு அன்னூரில் ஒரு பையன் பார்த்திருந்தார். “வாங்க, ரெண்டு பேரும் சொந்தபந்தமுன்னு ஒறம்பரையாட்ட வாங்க. ஆள் எச்சா வந்தா எடத்துக்கு மதிப்புங்க.”

அவர் முன்னால் போக, நானும் ரசாக்கும் ஸ்கூட்டரில் பின்னால் போனோம். முட்டைக்கூடையை மடியில் வைத்திருப்பவர் மாதிரி ஓட்டினார் நஞ்சுண்டன். இரைச்சல் இல்லை, முறுக்கல் இல்லை. பள்ளத்தைக் கண்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடுவாரோ என்று இருந்தது. ரசாக்கின் முகம் வாடிக்கொண்டே வந்தது. நல்லபடியாக ஓட்டுகிறவரைப் பார்த்து ஒரு மெக்கானிக் அவ்வளவு வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

பாவாத்தாளின் வீட்டில் இலை போட்டார்கள். சாப்பிட்டோம். மழையைப் பற்றிப் பேசினோம், நூல் விலையைப் பற்றிப் பேசினோம், அந்தியூர்ச் சந்தையில் குதிரை வாங்கப் போய்க் கழுதையோடு வந்த ஒருவரைப் பற்றி நான் சொன்னேன். பையனைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. நல்ல இடம், நல்ல குடும்பம் என்று நஞ்சுண்டன் சொன்னார். அப்படீங்களா என்று பாவாத்தாள் கேட்டுக்கொண்டார். அவ்வளவுதான். பிறகு நஞ்சுண்டன் எழுந்து, “அப்ப நாங்க போயிட்டு வாரமுங்கக்கா,” என்றார்.

“சித்த இருந்துட்டுப் போலாமுங்க,” என்றார் பாவாத்தாள், உட்கார்ந்தபடியே.

நஞ்சுண்டன் வாசலுக்கு வந்தார். வண்டி சைடு ஸ்டேண்டில் இடப்பக்கமாகச் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. அதை நிமிர்த்தாமலே சாவியைத் திருப்பி, பக்கத்தில் நின்றபடி கிக்கரை ஒரு உதை உதைத்தார். இன்ஜின் மெதுவாக முணுமுணுக்கத் தொடங்கியது. அந்தச் சத்தம் கேட்டதும்தான் பாவாத்தாள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“ஏனுங் தம்பி, பையன் தண்ணி ஊத்திக்குவானாமா?”

“நோம்பி, பண்டிகைக்கு மட்டுந்தானுங்கக்கா.”

“அவிய ஊர்ல எத்தன நோம்பிங்க வருது?”

நஞ்சுண்டன் கொஞ்சம் யோசித்தார். “மத்த ஊரக் காட்டிலும் எச்சாத்தானுங்க வருது.”

“மாமியாக்காரி?”

“தங்கமுங்க. அதனால ஒரசிப் பாத்துத்தான் எடுக்கோணுமுங்க.”

அப்புறம் பையனின் பங்காளித் தகராறு வந்தது, கிணற்றுப் பங்கு வந்தது, முன்பு பேசி நின்றுபோன ஒரு பெண்ணின் கதை வந்தது. வீட்டுக்குள் ஒன்றுமே பேசாத இரண்டு பேரும் வாசலில் ஓயாமல் பேசினார்கள். ஒவ்வொரு பேச்சும் முடியும்போது நஞ்சுண்டன், “அப்ப வாரனுங்க,” என்பார். “ஆமாமுங்க, நேரமாச்சு,” என்பார் பாவாத்தாள். உடனே அடுத்தது தொடங்கும். நான் பக்கத்துத் தென்னையடியில் குந்திக்கொண்டேன். ஒரு கோழி வந்து சூடாக இருந்த சீட்டில் ஏறி உட்கார்ந்து, முட்டையிட்டுவிட்டு இறங்கிப் போனது. ரசாக் அதைப் பார்க்கவில்லை என்கிறார். அவர் இன்ஜினுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு, தலையைக் காட்டிலும் காதைச் சாய்த்து, நகராமல் உட்கார்ந்திருந்தார்.

பிறகு எழுந்து வண்டியின் சாய்வைப் பார்த்தார். நஞ்சுண்டனைப் பார்த்தார். மறுபடி சாய்வைப் பார்த்தார். கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் நின்றது.

வாசல் அமைதியாகிவிட்டது. பாவாத்தாளின் முகம் மலர்ந்தது.

“அட, இருந்துட்டுப் போறீங்களாக்கு. மொதல்லயே சொல்லப்படாதுங்களா.” உள்ளே திரும்பி, “ஏ புள்ளே, ஒலைய வையி,” என்று குரல் கொடுத்தபடி போய்விட்டார்.

நஞ்சுண்டன் தலையில் கைவைத்துக்கொண்டார். “பாய், என்னுங்க பண்ணிப்போட்டீங்க. இனி ராத்திரிச் சோறு தின்னாமப் போக முடியாதுங்க. பேச்சும் பாதியில நின்னுபோச்சு.”

“ஊட்டுக்குள்ள போயி மிச்சத்தப் பேசிக்குங்க.”

“அங்க எப்படிங்க பேசறது? ஊட்டுக்குள்ள பேசறது ஊருக்குங்க. வண்டி எடுத்ததுக்கப்பறம் பேசறதுதானுங்க நெசம். வண்டி ஓடலீன்னா, போறவன்னு யாருங்க நம்புவாங்க? போறவங்கிட்டத்தானுங்க சொல்லுவாங்க.”

எல்லா வீட்டிலும் இப்படித்தானா என்று ரசாக் கேட்டார். இந்த அக்கா சுருக்கமாக முடிக்கிறவர் என்றார் நஞ்சுண்டன். சில வீடுகளில் பெட்ரோல் தீர்ந்து வண்டி தானாக நின்றதும் உண்டாம். பழைய வண்டியில் இப்படி நடந்ததா என்று நான் கேட்டேன். அந்தப் புகைக்கு எதிரில் யார் நிற்பார்கள்? மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு வார்த்தையில் அனுப்பிவிடுவார்கள் என்றார். அந்தக் காலத்தில் அவர் முடித்த சில சம்பந்தங்கள் ஏன் அப்படிப் போயின என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

உலை கொதிக்கிற வரைக்கும் ரசாக் சும்மா இருக்கவில்லை. இன்ஜின் தலையில் ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு சின்னத் திருகுமூடி உண்டு. இரண்டையும் கழற்றினார். வண்டியைச் சாய்த்தபடியே ஓடவிட்டு, ஒவ்வொரு துவாரத்திலும் விரலை விட்டு எடுத்தார். ஒரு விரலில் எண்ணெய் வழிந்தது. இன்னொரு விரல் திருநீறு எடுக்கலாம் போலக் காய்ந்திருந்தது. பிறகு சென்டர் ஸ்டேண்டில் நேராக நிறுத்தி, கொஞ்சம் முறுக்கிப் பிடித்து, மறுபடி விட்டார். இப்போது இரண்டு விரலும் நனைந்தன.

“சும்மா நின்னு ஓடற ஐட்லிங்ல ஆயில் பம்ப்பு சோம்பலாத்தானுங்க எறைக்கும். ஏறுற கொஞ்சமும் சாஞ்ச பக்கமாப் போயித் தேங்கிக்குது. மேட்டுல இருக்கற மூக்குக்கு ஒண்ணும் கெடைக்கறதில்லீங்க. வால்வு ஸ்பிரிங்கு மட்டும் அதே அமுக்குத்தான் அமுக்கும். ஓடாத தூரத்துக்கு மீட்டரும் ஏறாதுங்களே. நம்ம பாத்தது பாதிக் கணக்குங்க.”

எட்டிப் பார்த்த பாவாத்தாள், “சாச்சு வெச்ச வெளக்குல எண்ணெ ஒரு பக்கந்தானுங்களே நிக்கும்,” என்று சொல்லிவிட்டு, கருவேப்பிலை பறிக்கப் போனார்.

நஞ்சுண்டன் ரசாக்கின் கையைப் பிடித்தார். எண்ணெய் படிந்த விரலைத் தன் விரலோடு வைத்துப் பார்த்தார். “அப்ப டூப்ளிகேட்டு இல்லீங்களா.”

“இல்லீங்க.”

“நேரா நிறுத்தி ஓடவிட்டா ஆகாதுங்களா?”

“கொஞ்சம் பரவால்லீங்க. அணைச்சுப்போட்டுப் பேசறதுதான் நல்லதுங்க.”

“பெரிய ஸ்டேண்டு போட்டா உக்கார வந்ததா நெனச்சுக்குவாங்க. அணைச்சா என்ன ஆவுதுன்னுதான் நீங்களே பாத்தீங்களே.” அவர் எழுந்து நின்று வேட்டியைச் சரிசெய்தார். “அது எம்பட கஷ்டமுங்க, உடுங்க. உங்க பேரக் கெடுத்துப்போட்டனுங்க, பாய். எந்தெந்த ஊட்டுல சொன்னனோ அந்தந்த ஊட்டுக்கு நானே போயி, தப்பு எம்மேலதான்னு சொல்லிப்போட்டு வாரனுங்க. ஒரு ஊடு உடமாட்டனுங்க.”

ரசாக்குக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கலக்கம் பாதியிலேயே நின்று, முகம் வெளுத்தது.

“எதுலீங்க போவீங்க?”

“வண்டியிலதானுங்க.”

அத்தனை வீட்டு வாசலிலும் ரசாக் உத்தமர் என்பதை நஞ்சுண்டன் சொல்வார். சொல்வது நிஜம்தான் என்று வீட்டுக்காரர் நம்பவேண்டும் என்பதற்காக வண்டியை ஓடவிட்டுச் சொல்வார். கடைசி வீட்டுக்குள் மூன்றாவது கேமின் மூக்கும் மழுங்கிவிடும். பிறகு உத்தமர் மாட்டிய கேம் எங்கே போனது என்று முதல் வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டு வருவார்கள். ரசாக் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லவில்லை. சாவியை உருவித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“வண்டி கொஞ்ச நாளைக்குப் பட்டறையில இருக்கட்டுங்க. சத்தத்த நல்லாக் கேக்கோணும். நீங்க பஸ்ஸுல போயிட்டு வாங்க.”

நஞ்சுண்டன் சொன்ன சொல் தவறாதவர். தறியை மனைவி சாந்தாமணியிடம் விட்டுவிட்டு, கருமத்தம்பட்டியில் பஸ் ஏறி, ஊர் ஊராகப் போனார். ஆனால் என்ன சொன்னார், கேட்டவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது உக்கடத்துக்கு எட்டவில்லை. தறிக்காரர்களின் வண்டிகள் ஒன்றிரண்டு திரும்ப வந்தன. வந்தவர்கள் எப்போதும்போல் சௌக்கியம் விசாரித்தார்கள். ரசாக்கும் விசாரித்தார். போன பிறகு என் கடைக்கு வந்து, “ஏனுங்கண்ணா, மனசார வாராங்களா, மத்தப் பட்டறை பூட்டியிருக்குதுன்னு வாராங்களா?” என்பார். மனசாரத்தான் என்று நான் சொன்னேன். நான் சொன்னதால் அவருக்கு அது நிம்மதியாக இல்லை.

கார்த்திகை வாக்கில் பாலகோபால் என்று ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். அந்தப் பக்கம் ஓடுகிற ஒரு தனியார் பஸ்ஸின் முதலாளி. பஸ்ஸின் இன்ஜினில் வால்வுப் பக்கம் சத்தமாம். ராக்கரெல்லாம் காலத்துக்கு முன்னால் தேய்ந்துவிட்டதாம். பார்க்காத மெக்கானிக் இல்லையாம். ஓடுகிற தூரமோ கொஞ்சம்தான்.

“பாய், நீங்க மோட்டார் சைக்கிள்காரருன்னு தெரியுமுங்க. ஆனாலும் இந்த மாதிரித் தேய்மானத்துக்கு உங்களக் கேக்கச் சொன்னாங்க.”

ரசாக் ஸ்பேனரைத் தொடவில்லை. “உங்க பஸ்ஸுல நஞ்சுண்டண்ணன் வாராருங்களா?”

பாலகோபால் அசந்துபோனார். “தெனமும் வாராருங்க. தங்கமான மனுசன். அவர ஏத்திவுட ஊரே ஸ்டாப்புக்கு வந்துருதுங்க. படியில ஒரு காலு, ரோட்டுல ஒரு காலு வெச்சுக்கிட்டுச் சொல்லிக்குவாருங்க. அவ்வளவு மரியாதப்பட்டவங்க பேசறப்ப கண்டக்டரு எப்படிங்க விசிலடிக்கறது? டிரைவரும் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பாருங்க. டிரைவரு மச்சினிக்குக்கூட அப்படித்தான் ஒரு எடம் அமைஞ்சுதுங்க.”

ரசாக் காரணத்தைச் சொன்னார். பாலகோபால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். டீ குடித்தார். மழையைப் பற்றி விசாரித்தார். ரொம்பச் சந்தோஷமுங்க என்று கும்பிட்டுவிட்டுப் போய் ஜீப்பில் ஏறி, இன்ஜினைக் கிளப்பினார். கிளப்பிய பிறகு தலையை வெளியே நீட்டினார்.

“பாய், ஒண்ணு சொல்லோணுமுங்க.”

ரசாக் கையைத் துணியில் துடைத்தபடி ஜீப்புக்குப் பக்கத்தில் போனார்.

“உங்கள அந்தப் பக்கமெல்லாம் கொஞ்ச நா தப்பாத்தானுங்க பேசிக்கிட்டிருந்தாங்க. எம்பட அண்ணனே பேசுனாருங்க. நஞ்சுண்டண்ணன் ஒவ்வொரு ஸ்டாப்புலயும் வெச்சுச் சொன்னதுக்கப்பறம் யாரும் பேசறதில்லீங்க. உங்க கை சுத்தமுன்னு எங்க பஸ்ஸுக்கே தெரியுமுங்க.”

ரசாக் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். “வேற என்னுங்க சொன்னாங்க?” என்று கேட்டார்.

“அதையேங்க கேக்கறீங்க,” என்று பாலகோபால் ஸ்டியரிங்கில் முழங்கையை ஊன்றிக்கொண்டு தொடங்கினார். சாக்கடையோரமாக ஒரு பக்கம் சாய்ந்தபடி ஜீப் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. ரசாக் கதவில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அணைக்கச் சொல்லி நான் கடைக்குள்ளிருந்து ஜாடை காட்டினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.